கல்யாணப் பத்திரிகையா, சார்ட்டா, காலண்டர் தாளா? வீட்டில் இருப்பதை வைத்து வாழ்த்து அட்டை

பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அக்கா மகள் ஒரு வேலையோடு வந்தாள். ஊரில் இருக்கும் தாத்தாவுக்கும் மூன்று பெரியம்மாக்களுக்கும் வாழ்த்து அட்டை அனுப்ப வேண்டும், ஒரு பெரியம்மாவைத் தவிர மற்றவர்களுக்குத் தபாலில். அட்டைகளை நாங்களே செய்ய வேண்டும். கடையில் எதுவும் வாங்கக் கூடாது. அலமாரி, பரண், சமையலறை என்று தேடியதில் நிறையவே சேர்ந்தது. பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு, போன வருடத்து மாதக் காலண்டர்கள் இரண்டு, பாதி வெட்டிய மஞ்சள் சார்ட், ஏ4 தாள்கள், புதுச் சட்டையை விறைப்பாக மடிப்பதற்காக உள்ளே வைத்திருக்கும் வெள்ளை அட்டை, நாளிதழ்கள்.

முதல் அட்டைக்கு அழகை மட்டும் பார்த்துக் காலண்டர் தாளைத் தேர்ந்தெடுத்தோம். தாமரைக் குளப் படம், பளபளப்பான தாள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் மேசைமேல் நிறுத்திய அட்டை அப்பளம் போல நெளிந்து பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. “சித்தி, இது ஏன் நிற்காமல் படுத்துக்கொள்கிறது?” என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் இந்த ஒப்பீட்டுக்கு அளவுகோல். அட்டை ஒரு மாதம் அலமாரியில் நேராக நிற்க வேண்டும். தபாலில் போய்வரும் அடியைத் தாங்க வேண்டும். பேனாவால் அதில் எழுத முடிய வேண்டும். இந்த மூன்றிலும் தேறாத அழகு எனக்குத் தேவையில்லை.

அடித்தாள்: நான்கு போட்டியாளர்கள்

காலண்டர் தாளிலிருந்தே தொடங்குகிறேன். மாதக் காலண்டரின் வழவழப்புக்குக் காரணம், காகிதத்தின் மேல் பூசியிருக்கும் வெள்ளைக் களிமண், சுண்ணாம்புத் தூள் போன்ற பூச்சு. அச்சுமை உள்ளே ஊறாமல் மேலேயே நிற்பதால் படம் பளிச்சென்று தெரிகிறது. அதே பூச்சுதான் நமக்குத் தொல்லை. ஸ்கெட்ச் பேனாவின் மை காயாமல் விரலில் ஒட்டிக்கொள்கிறது. மடிக்கும் இடத்தில் பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு தெரிகிறது. பசையும் மெதுவாகவே பிடிக்கிறது. அதனால் அட்டையின் உடலாக இருக்க இந்தத் தாளுக்குத் தகுதி இல்லை. பூ, இலை, பட்டாம்பூச்சி வெட்டவும் உறை செய்யவும் இதைவிட நல்ல தாள் வீட்டில் கிடையாது.

சார்ட் எல்லோரும் முதலில் நினைப்பது. ஏறக்குறைய 56க்கு 71 சென்டிமீட்டர் அளவுள்ள முழுத் தாள் ஒன்றிலிருந்து, மடிப்பதற்கு முன் 15க்கு 21 என்ற அளவில் ஒன்பது அட்டைகள் எடுக்கலாம். நிறமும் உண்டு, பேனாவும் நன்றாக ஓடுகிறது. ஆனால் கடையில் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுத் தருகிறார்கள். அந்தச் சுருள் நினைவு தாளை விட்டு எளிதில் போவதில்லை. எதிர்ப்பக்கமாகச் சுருட்டி ஒரு இரவு வைத்தால்தான் ஓரளவு நிமிர்கிறது. வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் நிறம் வெளுக்கிறது. நல்ல தாள்தான். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்தலாம், இதற்கென்று வாங்கத் தேவையில்லை.

ஏ4 தாளைப் பலரும் மெல்லியது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் இதற்காக வாதாடுவேன். ஒரு சதுர மீட்டருக்கு 75 கிராம் எடையுள்ள சாதாரணத் தாளாக இருந்தால் ஒரு ஏ4 ஐந்து கிராமுக்கும் குறைவுதான். ஆனால் அதை இருமுறை மடித்தால் 10.5க்கு 14.8 சென்டிமீட்டர் அளவில் அட்டை வருகிறது, ஒவ்வொரு பக்கமும் இரட்டைத் தாளாகிவிடுகிறது. கத்தரிக்கோல் வேண்டாம், பசை வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தையும் தனியாகச் செய்துவிடும். முன்பக்கத்தில் ஓட்டை வெட்டினால் பின்னால் இருக்கும் மடிப்பில் வேறொரு நிறம் ஒட்டி ஜன்னல்போலக் காட்டலாம். கனமான அலங்காரத்தை மட்டும் இது தாங்காது.

இனி, கல்யாணப் பத்திரிகை. என் தீர்ப்பு இதன் பக்கம்தான். தடிமன் போதும். நாம் எவ்வளவு முயன்றாலும் கையால் வராத ஒரு நேரான மடிப்பு அதில் ஏற்கெனவே இருக்கிறது, அழுத்தக் கோடு போட்டு இயந்திரத்தில் மடித்த மடிப்பு. தாத்தாவின் அட்டை இன்றும் நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் அந்த ஒரு மடிப்புதான். உள்ளே அச்சடித்த எழுத்தின்மேல் ஏ4 தாள் ஒன்றை ஒட்டினால் எழுதுவதற்கு நல்ல பரப்பு கிடைத்துவிடும். பத்திரிகையோடு வரும் தடித்த வண்ண உறையையும் தூக்கிப் போடக் கூடாது. அதை மூன்று மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டித் தீக்குச்சியில் சுற்றினால் சுருள் பூக்கள் செய்யலாம்.

பத்திரிகையை வெட்டுவதில் ஒரு தயக்கம் உண்டு, அதை மதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மேலே பிள்ளையார் இருப்பார், மூலையில் மஞ்சள் தடவியிருக்கும், இருவர் பெயர் இருக்கும். கத்தரியை எடுத்ததும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். தெய்வப் படத்தை முதலில் தனியாக எடுத்துப் பூஜை அலமாரியில் வைத்தோம். பெயர்களைக் குறுக்கே வெட்டாமல் முழுதாக மூடி ஒட்டினோம். யாருடைய பத்திரிகையோ அவர்கள் வீட்டுக்கே அது வாழ்த்தாகத் திரும்பிப் போகாமலும் பார்த்துக்கொண்டோம். மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய பத்திரிகைகளும் உண்டு. நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தால் தெரியும். அவற்றின் பளபளப்பான பக்கத்தில் தண்ணீர் கலந்த எந்தப் பசையும் பிடிக்காது, உள்பக்கத்தை வெளியே திருப்பிக்கொள்ள வேண்டும்.

சட்டைக்குள் வரும் அட்டையை மடித்தால் முறிந்துவிடுகிறது. மடிக்காத தட்டையான வாழ்த்துக்கு, அதாவது தபால் கார்டு போன்றதற்கு, அது போதும். நாளிதழ் அடித்தாளாகவே ஆகாது. மரக்கூழில் இருக்கும் லிக்னின் நீக்கப்படாத காகிதம் அது, வெளிச்சம் பட்டால் சில நாள்களிலேயே பழுப்பாகிவிடும்.

இழை ஓடும் திசை

எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. இயந்திரத்தில் காகிதம் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுக்கின்றன. நாளிதழை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகக் கிழிகிறது, குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகிறது. காரணம் அதுதான். மடிப்பு நார்களின் திசையிலேயே போனால் வழுக்கிக்கொண்டு மடியும், குறுக்கே போனால் வெடிக்கும். தாளை மடிக்காமல் இரு பக்கமாகவும் மெதுவாக வளைத்துப் பார்த்தாலே போதும். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, மடிப்பை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். எங்கள் முதல் அட்டை படுத்துக்கொண்டதற்குப் பாதிக் காரணம், நாங்கள் இதைப் பார்க்காமல் குறுக்கே மடித்தது.

மடிப்புக் கோடு போட நாங்கள் பயன்படுத்தியது மை தீர்ந்த பால்பாயின்ட் ரீபில். ஸ்கேலை வைத்து அழுத்தி ஒரு கோடு இழுத்தால் காகிதம் வெட்டுப்படாமல் பள்ளம் மட்டும் விழும். சிலர் பிளேடால் பாதி ஆழம் கீறுவார்கள். அது முதல் நாள் அழகாக இருக்கும், பத்து முறை திறந்து மூடினால் பிரிந்துவிடும்.

பசை: இங்கேதான் பெரும்பாலான அட்டைகள் தோற்கின்றன

முதல் அட்டை நெளிந்ததற்கு மீதிப் பாதிக் காரணம் பசை. சரியாகச் சொன்னால், பசையில் இருந்த தண்ணீர். ஈரம் பட்டதும் நார்கள் நீளத்தைவிடத் தடிமனில் அதிகம் உப்புகின்றன. காயும்போது சுருங்கி, தன்னோடு ஒட்டியிருக்கும் தாளையும் இழுக்கின்றன. எனவே பசைகளை ஒப்பிடும்போது எவ்வளவு கெட்டியாக ஒட்டுகிறது என்பதோடு, எவ்வளவு தண்ணீரைக் கொண்டுவருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சோற்றுப் பருக்கையை நசுக்கி உறை ஒட்டிய தலைமுறை என் அம்மாவுடையது. உறையின் மடிப்புக்கு அது இன்றும் போதும். மெல்லிய தாளுக்கு அடியில் வைத்தால் மேடு தெரியும்.

மைதாப் பசைக்கும் வெள்ளைப் பசைக்கும் இடையேதான் உண்மையான போட்டி. வெள்ளைப் பசையை நம் வீடுகளில் எந்த நிறுவனத்தின் டப்பாவாக இருந்தாலும் ஃபெவிகால் என்றே சொல்கிறோம். 1959இல் வந்த ஒரு பொருளின் பெயர் பொதுப் பெயராகவே ஆகிவிட்டது. காய்ந்தால் நிறமற்றுப் போகும், மடித்தாலும் உடையாது, பூச்சி தின்னாது. சுருள் பூவின் அடி, எழுந்து நிற்கும் இதழின் ஓரம் போன்ற சின்னச் சின்ன இடங்களுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. தீக்குச்சி முனையால் புள்ளி வைக்கும் அளவே போதும். விரலால் அள்ளிப் பூசினால் அட்டை அலையலையாகக் காயும். ஒட்டிய பின் நகர்த்தவும் நேரம் தராது. பெரிய தாளை முழுதாக ஒட்டும்போது கோணலாகப் பட்டுவிட்டால் கிழித்துத்தான் எடுக்க வேண்டும்.

மைதாப் பசை இதற்கு நேர் எதிர். மெதுவாகக் காய்கிறது. அதனால் ஒட்டிய தாளை நகர்த்தி, சுருக்கத்தை உள்ளங்கையால் ஓரத்துக்குத் தள்ளிச் சரிசெய்ய நேரம் கிடைக்கிறது. ஒரு கரண்டி மைதாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஐந்து ஆறு கரண்டித் தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் கிளறினால், வெள்ளை நிறம் மறைந்து கண்ணாடிபோல ஆகும்போது இறக்கிவிடலாம். ஆறியதும் வடிகட்டினால் நைஸாக இருக்கும். இதில் தண்ணீர் அதிகம், எனவே முறை தெரிந்து பூச வேண்டும். மேலே ஒட்டப் போகும் மெல்லிய தாளில்தான் பசை பூச வேண்டும். அது ஈரத்தில் விரிய இரண்டு நிமிடம் விட்டு, பிறகு ஒட்டி, இரு பக்கமும் வெற்றுத் தாள் வைத்து, நான்கு தடித்த புத்தகங்களுக்கு அடியில் ஒரு இரவு வைக்க வேண்டும். அட்டையின் ஒரு பக்கம் முழுக்கத் தாள் ஒட்டினால் மறு பக்கமும் ஒன்று ஒட்டிவிடுவது நல்லது. இரண்டும் எதிரெதிராக இழுத்துச் சமன் செய்துகொள்ளும். புத்தகம் பைண்ட் செய்பவர்கள் அட்டைக்கு இரு பக்கமும் காகிதம் ஒட்டுவது இதற்கும் சேர்த்துத்தான்.

சுவரொட்டிப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு. குழந்தைகள் கை வைக்கும் பசையில் அதைச் சேர்க்கவே கூடாது. அன்றன்றைக்குக் கிண்டிக்கொள்ளலாம், மீதமானதைக் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம்.

பெரிய பரப்புக்கு மைதா, சின்ன இடத்துக்கு வெள்ளைப் பசை என்று நாங்கள் பிரித்துக்கொண்ட பிறகு ஒரு அட்டைகூட நெளியவில்லை. குச்சிப் பசையில் ஈரம் குறைவு என்பதால் அவசரத்துக்குக் கைகொடுக்கும், வழவழப்பான தாளில் ஓரம் பிரியும். கோந்து சில மாதத்தில் காய்ந்து செதிலாக உதிரும். செல்லோ டேப்பைத் தொடவே வேண்டாம், அது மஞ்சளாகிக் கறையையும் விட்டுப் போகும்.

நிறம்

ஸ்கெட்ச் பேனா கையில் இருந்தது, பயன்படுத்தினோம், அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சமையலறை நிறங்கள்தான் குழந்தையைக் கட்டிப்போட்டன. வெள்ளை மெழுகுவத்தியால் ஏ4 தாளில் சிக்குக் கோலம் போட்டாள். தாளில் ஒன்றும் தெரியவில்லை. மஞ்சள் கரைத்த தண்ணீரைப் பஞ்சால் தடவியதும் மெழுகு பட்ட இடம் மட்டும் வெள்ளையாக நின்று கோலம் எழுந்து வந்தது. அந்த மஞ்சளின்மேல் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரைத் தொட்டு வைத்தால் சிவப்பாகிறது. ஆரத்தித் தட்டில் நடப்பது இதுவேதான். செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்தால் ஊதா நிறம் ஏறுகிறது, அதில் எலுமிச்சைச் சாறு பட்டால் இளஞ்சிவப்பாகிறது. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிக் குங்குமக் கரைசலில் தொட்டு அச்சு வைத்தால் நட்சத்திரப் பூ.

இந்த நிறங்கள் நிலைக்குமா என்றால், வெளிச்சத்தில் நிலைக்காது. மஞ்சள் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். அதற்காக அவற்றைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. மஞ்சள் கோலத்தை அட்டையின் உள்பக்கத்தில் வைத்தோம். உள்ளே இருட்டாக இருப்பதால் வெளியில் இருப்பதைவிட அதிக நாள் இருக்கும், திறக்கும்போது மட்டும் தெரியும். வெளியே காலண்டர் தாளில் வெட்டிய கரும்பும் பானையும்.

எழுந்து நிற்கும் அட்டையா, தட்டையானதா?

திறந்தால் பானை எழுந்து நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை. மடித்த தாளின் மடிப்பிலிருந்து இரண்டு இணைக்கீறல் வெட்டி, நடுப்பட்டையை உள்ளே தள்ளினால் ஒரு படி உருவாகிறது, அதன் முகத்தில் படத்தை ஒட்ட வேண்டும். கீறலின் நீளம் பக்க அகலத்தில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 10.5 சென்டிமீட்டர் பக்கத்துக்கு நான்கு சென்டிமீட்டர் கீறல் பாதுகாப்பானது. அப்போது படம் படிக்கு மேலே இரண்டு சென்டிமீட்டர் வரை உயர்ந்திருக்கலாம். மூடினால் முழுத் தட்டையாகிவிடுவதால் இது தபாலுக்கும் ஏற்றது. சுருள் பூ அப்படியல்ல. உறைக்குள் வைத்து முத்திரை குத்தும்போது நசுங்கிவிடும். அதனால் சுருள் பூ வைத்த அட்டையை எங்கள் தெருவிலேயே இருக்கும் அந்த ஒரு பெரியம்மாவுக்குக் கையில் கொடுக்க ஒதுக்கினோம். மற்ற மூன்றும் தட்டையானவை.

உறைக்குக் காலண்டர் தாளின் படப் பக்கத்தை உள்ளே வைத்து மடித்தோம், வெள்ளைப் பின்பக்கம் வெளியே வந்தது, முகவரி எழுத முடிந்தது. சமையலறைத் தராசில் உறையோடு நிறுத்துப் பார்த்தோம். பத்திரிகையில் செய்த அட்டை 20 கிராமைத் தாண்டிவிட்டால் தபால்தலை கூடுதலாக ஒட்ட வேண்டியிருக்கும். தாத்தாவுடையது 17 கிராம் இருந்தது.