புலிக் காட்டில் 150–600 லென்ஸ்: பல பருவங்கள் உழைத்த பிறகு

ஜிப்சியில் (திறந்த சஃபாரி ஜீப்) ஆறு பேரோடு நெருக்கியடித்து உட்கார்ந்து புலியைப் படமெடுக்க 150–600 மி.மீ. ஜூம் போதுமா? போதும். மகாராஷ்டிரத்தின் தடோபா காட்டின் மே மாத வெயிலிலும் கர்நாடகத்தின் கபினி காட்டின் ஈரக்காற்றிலும் பல பருவங்கள் தாக்குப்பிடித்த வகை இது. எடை சுமார் 2 கிலோ. ஆனால் தூரக் கணக்கு தெரியாவிட்டால் புலி எதிரே நின்றாலும் படம் அமையாது.

ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் ஜூமை 600-இல் வைத்தால், 20 மீட்டரில் 1.2 மீட்டர் அகலம்தான் அடங்கும்: தலையும் தோளும். வாலை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் முழு உடல் வேண்டுமென்றால் 40 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். 10 மீட்டரில் வந்து நின்றால் 150-இல்தான் உடல் அடங்கும். ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவில் அடங்கும் அகலம் 1.6 மீட்டராகச் சுருங்கி, பின்னங்கால் வெட்டுப்படும்.

கிட்டப் போகச் சொல்லி ஓட்டுநரை நச்சரிப்பது படத்தைக் கெடுக்கும். ஜிப்சியில் கேமரா இருப்பது 2 மீட்டர் உயரத்தில்; புலியின் கண் 1 மீட்டருக்குச் சற்றுக் கீழே. 10 மீட்டரில் சுமார் 6 டிகிரி சரிவாகக் குனிந்து பார்க்கிறோம். 40 மீட்டரில் அது 2 டிகிரிகூட இல்லை. புலியின் கண்ணுக்கு நேராக எடுத்த படத்தின் கம்பீரம் தூரத்தில்தான் கிடைக்கிறது. புலியும் பாதை மாறாமல் தன்பாட்டில் நடக்கும்.

படம் மங்கினால் பலரும் லென்ஸைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்: அந்த அதிர்வில் 1/500 நொடி ஷட்டர் வேகம்கூடத் தெளிவு தராது. எஞ்சினை அணைத்து, வண்டிக் கம்பிமேல் பீன்பேக் (லென்ஸைத் தாங்கும் பை) வைத்தால், அசையாமல் படுத்திருக்கும் புலிக்கு 1/160 போதும். நடக்கும் புலிக்கு 1/1000 வேண்டும். 600-இல் ஒளி புகும் துளை எஃப்/6.3 வரைதான் திறக்கும் என்பதால் விடியற்காலையில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400 வரை ஏறும். அதற்கு அஞ்ச வேண்டாம், படத்தில் வரும் புள்ளி இரைச்சலைப் பிறகு குறைக்கலாம். அசைந்த படத்தை மீட்க முடியாது. பீன்பேக்கை வெறும் பையாகக் கொண்டுபோய் அங்கேயே அரிசி வாங்கி முக்கால்வாசி நிரப்பினால் போதும். முழுக்க நிரப்பினால் லென்ஸ் அமராமல் உருளும்.

இரண்டாவது காரணம் கானல். கோடையில் ஒன்பது மணிக்குமேல் மண்பாதையில் 60 மீட்டருக்கு அப்பால் எதை எடுத்தாலும் குழையும். எந்த லென்ஸாலும் அதைத் தாண்ட முடியாது.

ஃபோகஸ் லிமிட்டரை (ஃபோகஸ் தேடும் தூரத்தை வரம்பிடும் ஸ்விட்ச்) 10 மீட்டர் முதல் முடிவிலி வரை வைத்தால் ஃபோகஸ் வேகமாகப் பிடிக்கும். புலி வண்டியை ஒட்டி வரும்போதோ அது பிடிக்கவே பிடிக்காது. புலி அருகில் இருப்பதைச் சொல்லும் மான் அலறல் கேட்டதுமே அந்த ஸ்விட்சைப் பார்த்துவிட வேண்டும். புல் மறைவில் ஒற்றைப் புள்ளி ஃபோகஸ்தான் நம்பகமானது.

உண்மையான பலவீனம் தூசி. ஜூம் நீளும்போதெல்லாம் குழல் காற்றை உள்ளே இழுக்கிறது. ஓடும் வண்டியில் 150-இல் பூட்டி, தலையணை உறைக்குள் வைப்பதே சிறந்த காப்பு. முதலில் ஊதுகுமிழ், பிறகுதான் துணி. நேரே துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

கபினியில் இன்னொரு தொல்லை: ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். கிளம்புவதற்கு அரைமணி முன்பே பையை மூடியபடி வராந்தாவில் வைத்துவிடுங்கள்.