உழவர் சந்தையா, மாட்டுத்தாவணியா? மதுரையில் மாதத்தைப் பார்த்துதான் சொல்ல வேண்டும்

புரட்டாசி, ஐப்பசி மழையில் கரிசல் காடு நனைந்ததும் மதுரைக்கு அதலைக்காய் வரத் தொடங்கும். பாகற்காயின் தங்கச்சி என்று சொல்லலாம். விரல் நுனி அளவுதான் இருக்கும், மேலே வரிவரியாக ஓடும், கசப்பு மட்டும் அக்காளுக்குச் சமம். பெரும்பாலும் யாரும் விதைத்து வளர்ப்பதில்லை. விருதுநகர், திருமங்கலம் பக்கத்துக் காடுகளில் தானாகப் படர்கிற கொடி. பறித்த ஓரிரு நாளில் பழுத்து வெடித்துவிடும் என்பதால் மூட்டை கட்டி லாரியில் ஏற்ற முடியாது. மாட்டுத்தாவணி மொத்தச் சந்தையில் நான் இதைத் தேடி அலைந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். வருஷா வருஷம் எனக்குக் கிடைப்பது அண்ணா நகர் உழவர் சந்தைக்கு வெளியே சாக்கு விரித்து உட்காரும் பெண்களிடம்தான். கூறு போட்டு வைத்திருப்பார்கள். சின்ன வெங்காயம் நிறையப் போட்டு வதக்கினால் போதும், சோறு தனியாக இறங்கும்.

மதுரைக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் "எந்த மார்க்கெட் நல்லது?" என்று கேட்கும்போது, நம்மில் பலர் கிலோவுக்கு எத்தனை ரூபாய் மிச்சம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதிப் பதில்தான். இந்த ஊரில் ஒரு சந்தை சித்திரையில் கொடுப்பதை இன்னொன்று கார்த்திகையில்தான் கொடுக்கும்.

முதலில் விலைக் கணக்கைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே இந்த அண்ணா நகர் சந்தைதான். 1999 நவம்பர் 14 அன்று, கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது திறந்தார்கள். அடையாள அட்டை உள்ள விவசாயி தன் விளைச்சலைத் தானே கொண்டுவந்து விற்கலாம். நடுவில் தரகு இல்லை, கடை வாடகையும் இல்லை. அன்றைய விலையைக் காலையிலேயே முடிவு செய்து பலகையில் எழுதிவிடுவார்கள். மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூட, வெளிச் சில்லறை விலையைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு என்பது கணக்கு. மாட்டுத்தாவணியில் கத்தரிக்காய் கிலோ 30 ரூபாய் என்றால் உழவர் சந்தையில் 36, தெருக்கடையில் 42 வாக்கில் இருக்கும். அந்த ஆறு ரூபாய்க்காக வில்லாபுரத்திலிருந்து மாட்டுத்தாவணி வரை ஆட்டோ பிடிப்பதில் அர்த்தமில்லை. பழங்காநத்தம், சொக்கிகுளம் என்று உழவர் சந்தை பல இடங்களில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதற்குப் போனால் போதும்.

மாட்டுத்தாவணி வேறு உலகம். கோயிலை ஒட்டி இருந்த பழைய சென்ட்ரல் மார்க்கெட்டின் நெரிசல் இங்கே இடம் மாறி வந்தது. ராத்திரியெல்லாம் லாரி இறங்கும். ஒட்டன்சத்திரத்து முருங்கை, கொடைக்கானல் கேரட், பீன்ஸ், வடக்கேயிருந்து பெரிய வெங்காயம் என்று எல்லாம் கமிஷன் கடைகளுக்கு வரும். அரைக் கிலோவும் தருவார்கள், ஆனால் ஐந்து கிலோவாவது எடுத்தால்தான் போன செலவுக்குக் கட்டும். நாங்கள் மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு மூட்டை வாங்கிப் பிரித்துக்கொள்வது வழக்கம்.

பங்குனியிலிருந்து ஆனி வரை மாட்டுத்தாவணிக்குத்தான் என் ஓட்டு. அந்த மாதங்களில் சுற்றுவட்டாரக் கிணறுகள் வற்றத் தொடங்கிவிடும். உழவர் சந்தையில் கீரைக் கட்டு மெலியும், எட்டு மணிக்கே பல தட்டுகள் காலியாக இருக்கும். மொத்தச் சந்தைக்கு அந்தக் கவலை இல்லை, ஒரு மாவட்டம் காய்ந்தால் இன்னொரு மாவட்டத்துச் சரக்கு வரும். அப்புறம் மாம்பழம். நத்தம், அழகர்கோயில் அடிவாரத் தோப்புகளிலிருந்து கல்லாமை, செந்தூரம், காசாலட்டு எல்லாம் பழ மார்க்கெட்டுக்கு வந்து குவியும். ஆனால் அவசரப்பட வேண்டாம். சீசன் தொடக்கத்தில் நல்ல விலை கிடைக்கும் என்பதால் முற்றாத காயையும் பறித்துப் பழுக்க வைப்பார்கள். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கச் சட்டப்படி தடை உண்டு, என்றாலும் கண்ணை நம்பாமல் மூக்கை நம்புங்கள். காம்புப் பக்கம் மணம் வராத பழத்தை, மேலே எவ்வளவு மஞ்சளாக இருந்தாலும், நான் தொடுவதில்லை. வைகாசி பிறக்கட்டும். வரத்து கூடிய பிறகு விலையும் இறங்கும், பழமும் மரத்திலேயே முற்றி வரும்.

முருங்கைக்கும் இதே மாதங்கள்தான். கோடையில் கட்டுக் கட்டாக மலிந்து கிடக்கும். அதே காய் கார்த்திகை, மார்கழியில் எட்டாத விலைக்குப் போய்விடும், மழையில் பூ கொட்டிப்போவதால்.

மீன் வாங்குகிறவர்களுக்கும் கோடையில் ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மதுரைக்கு வரும் கடல் மீன் அப்போது குறையும், விலை ஏறும். அந்தச் சமயத்தில் கண்மாய் மீனுக்கு மாறிவிடுவது நல்லது. தண்ணீர் வற்றும் கண்மாய்களில் விராலும் கெண்டையும் பிடிபடுகிற நாட்கள் அவை. மேலூர், சிங்கம்புணரிப் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழாவே நடக்கும்.

ஆடியில் இரண்டு சந்தைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாவல்பழம் வந்தால் எங்கே பார்த்தாலும் வாங்கிவிடுங்கள், மறுவாரம் இருக்காது.

மழை தொடங்கிவிட்டால் கணக்கு தலைகீழ். ஐப்பசியில் ஒருமுறை மலிவாகக் கிடைத்ததே என்று மாட்டுத்தாவணியில் ஒரு மூட்டை சின்ன வெங்காயம் எடுத்தேன். நான்காம் நாள் வீடே நாறியது. நடுவில் இருந்த ஈரம் மேலே தெரியவில்லை. தக்காளியும் அப்படித்தான், பெட்டியின் அடித்தட்டு நசுங்கி வரும். மழைக்காலத்தில் அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்றைக்கு வாங்குவதே சரி, அதற்கு உழவர் சந்தைதான் தோது. பக்கத்து ஊரில் முந்தின நாள் பறித்த அவரை, பீர்க்கு, புடலை எல்லாம் ஈரம் காயாமல் இருக்கும். பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, சிறுகீரை என்று கீரைத் தட்டுகள் மறுபடி நிறையும். விற்பவரே விளைவித்தவர் என்பதால் "இது எப்பப் பறிச்சது?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். மொத்தச் சந்தையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது, குற்றம் அவர்களுடையதல்ல. சரக்கு அவ்வளவு தூரம் கடந்து வருகிறது.

மார்கழி, தை எனக்கு மிகவும் பிடித்த மாதங்கள். இப்போது இரண்டு சந்தையும் வேண்டும். மேலூர்ப் பக்கத்துச் செங்கரும்பைக் கட்டாக எடுப்பதற்கும், வாழைத்தாருக்கும், மஞ்சள் கொத்துக்கும் மாட்டுத்தாவணி. ஒரு கட்டை அக்கம்பக்கத்தோடு பிரித்துக்கொள்ளலாம். பொங்கலன்று வைக்கும் பலகாய்க் குழம்புக்கு மட்டும் உழவர் சந்தையை விட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பச்சை மொச்சை, பச்சைத் துவரை, அவரை, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி, பூசணிக்கீற்று என்று ஒவ்வொன்றிலும் கால் கிலோ, அரைக் கிலோ வேண்டும். அதை மொத்தக் கடையில் கேட்டு நிற்பது நமக்கும் கஷ்டம், அவர்களுக்கும் கஷ்டம். பனங்கிழங்குக் கட்டு மட்டும் வாசலுக்கு வெளியே, அதே சாக்குக் கடைகளில் வாங்குவேன்.

போகிக்கு முந்தின நாளே போய்விடுங்கள், காலை ஐந்தரைக்குள். தோல் உரித்த மொச்சை ஆறரைக்கெல்லாம் தீர்ந்துவிடும். உரிக்காதது இருக்கும், அதை வாங்கினாலும் நஷ்டமில்லை. ராத்திரி வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் உரித்துவிடலாம்.