அழைப்பிதழ் அச்சகத்தில் ஏழு ஆண்டு ஷெல் வாழ்க்கை

நண்பரின் அழைப்பிதழ் அச்சகத்தில் ஒன்பது விண்டோஸ் கணினிகளும் மூலையில் ஒரு உபுண்டு சர்வரும் இருக்கின்றன. 2018 முதல் அவற்றைப் பார்த்துக்கொள்வது நான்தான். மாலையில் போய் ஒரு டீ குடித்துவிட்டு ஷெல் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறப்பேன், அவ்வளவுதான் வேலை. தொடங்கிய புதிதில் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்புகள், அதாவது ஸ்கிரிப்டுகள், நாற்பதாவது எழுதிக் குவித்திருப்பேன். இன்று உயிரோடு இருப்பவை ஐந்து.

அந்த ஐந்தில் மூத்தது, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவியை வைத்து எழுதிய பேக்கப். இரவு இரண்டு மணிக்கு ஒவ்வொரு கணினியின் ஃபோல்டரையும் சர்வரில் மவுண்ட் செய்து (சர்வரின் சொந்த ஃபோல்டர்போல் தெரியும்படி இணைத்து), மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும். ஆர்சிங்க் 1996-இல் வந்த கருவி. இன்னும் இதை விட்டு வேறொன்றுக்குப் போகத் தோன்றவில்லை. ஆனால் பழகும்வரை படுத்தும். மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்வுக்கோடு போட்டால் உள்ளிருப்பவை மட்டும் போகும். போடாவிட்டால் ஃபோல்டரே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் மாதத்தில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இரண்டு நகல் சேர்ந்து டிஸ்க் நிறைந்தது இதனால்தான்.

அதைவிடப் பெரிய அடி 2020-இல் விழுந்தது. மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிடும் டெலிட் விருப்பத்தைச் சேர்த்திருந்தேன். ஓர் இரவு யாரோ ஒரு கணினியை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மவுண்ட் ஆகவில்லை, ஆகவே அந்த இடம் வெறும் ஃபோல்டராக இருந்தது. ஆர்சிங்க் அதைப் பார்த்து நகலையும் சுத்தமாகத் துடைத்து வைத்தது. பிழை அதனுடையது அல்ல, சொன்னதைத்தான் செய்தது. அசல் அந்தக் கணினியில் பத்திரமாக இருந்ததால் தப்பித்தேன். மறுநாளே ஸ்கிரிப்டின் தலையில் மவுண்ட்பாயின்ட் கட்டளையை வைத்தேன்: மவுண்ட் ஆகவில்லையென்றால் அங்கேயே நின்றுவிடு. அதன்பின் எந்தப் புதிய ஆர்சிங்க் வரியையும் '-n' விருப்பத்தோடு ஒருமுறை வெள்ளோட்டம் பார்க்காமல் ஓட்டுவதில்லை.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டுமே வரும் ஒரு வம்பும் உண்டு. டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒரு பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் கணக்கு. 'அழைப்பிதழ்' என்ற ஒரு சொல்லே 30 பைட்டுகளை விழுங்கிவிடும். விண்டோஸ் பைட்டுகளை எண்ணுவதில்லை, அதனால் மாப்பிள்ளை, பெண், ஊர், மண்டபம் எல்லாவற்றையும் பெயரில் எழுதி, கடைசியில் 'இறுதி திருத்தம் 3' என்றும் சேர்ப்பார்கள். அங்கே ஒன்றும் ஆகாது. சர்வருக்கு வரும்போது 'பெயர் மிக நீளம்' என்று அந்த ஒரு கோப்பு மட்டும் சத்தமில்லாமல் விடுபடும். பிழைப் பதிவைப் படிக்கும் பழக்கம் எனக்கு வந்ததே இதற்குப் பிறகுதான். அந்தப் பெயர்களில் இருக்கும் இடைவெளிகளும் சும்மா இருக்காது: ஸ்கிரிப்டில் கோப்புப் பெயரை ஏந்தியிருக்கும் மாறிக்கு (variable) இரட்டை மேற்கோள்குறி போடாவிட்டால் ஒரு கோப்பு நான்காக உடைந்து நிற்கும்.

குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டுகளைத் தானாக ஓட்டும் குரோனைப் பற்றி ஒன்றே ஒன்று. கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட் குரோனில் படுத்துவிட்டால் கட்டளைகளை எந்த ஃபோல்டர்களில் தேடுவது என்று சொல்லும் பாத் மாறியை முதலில் பாருங்கள், அங்கே அது மிகவும் குறுகியது. குரோன் வரியிலேயே தேதிக்கான சதவீதக் குறி இருந்தால் அதன் முன் பின்சாய்வுக்கோடு போடுங்கள். இல்லையென்றால் குரோன் அதை வரி முறிவாக எடுத்துக்கொள்ளும். இது தெரியாமல் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

சில நேரம் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று, மீதி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை சொல்லும். கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூ கட்டளையில் பார்த்தால் பாதிகூட வராது. அழித்த பதிவுக் கோப்பை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்தே வைத்திருக்கிறது என்று பொருள். எல்எஸ்ஓஎஃப் கட்டளை அது எது என்று காட்டிக்கொடுக்கும். அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பி வரும்.

அன்றாடம் கை அதிகம் போவது, முன்பு அடித்த கட்டளைகளைத் தேடித்தரும் கன்ட்ரோல்-ஆர் பக்கம்தான். நீளமான கட்டளையின் முடிவில் ஹேஷ் குறி (#, அதற்குப் பின்னால் வருவதை ஷெல் கண்டுகொள்ளாது) போட்டு ஒரு சொல்லைக் குறிப்பாக எழுதிவிடுவேன். மாதங்கள் கழித்து அந்தச் சொல்லைத் தேடினால் முழுக் கட்டளையும் வந்து நிற்கும். குறிப்பைத் தமிழில் எழுதத்தான் ஆசை. என் டெர்மினலில் கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கமாகத் தெரிவதால் ஆங்கில எழுத்துகளிலேயே 'கல்யாணம்' என்று அடித்துக்கொண்டிருக்கிறேன்.