கொடைக்கானலில் ஒளிக் கடிகாரம் வைத்தால் லேசரை எதனோடு லாக் செய்வது?

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஓர் அணுக் கடிகாரம் வைத்தால், மதுரையில் ஓடும் அதே மாதிரிக் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 நானோநொடி முந்தும். பூமியிலிருந்து உயரே போகப் போகக் காலம் வேகமாக ஓடும் என்ற ஐன்ஸ்டைன் கணக்குதான். 2020-இல் டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தில் வெறும் 450 மீட்டர் வித்தியாசத்தில் ஸ்ட்ரான்ஷியம் ஒளிக் கடிகாரங்களை (அணுவோடு ஒத்திசைந்த லேசர் ஒளியின் அலைகளை எண்ணி நேரம் காட்டுபவை) வைத்து இதை அளந்து காட்டினார்கள். நமக்கு மலையே இருக்கிறது. இங்கே இயக்குநராக இருந்த ஜான் எவர்ஷெட், சூரிய நிறமாலைக் கோடுகளில் இதே விளைவைத் தேடியவர் என்பதால் இடப்பொருத்தமும் உண்டு.

சரி, ஆசைக்கு அப்படி ஒரு ஸ்ட்ரான்ஷியம் கடிகாரம் இங்கே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அணுக்களைக் குளிர்விக்க 461, 689 நானோமீட்டர் லேசர்கள், பிடித்து வைக்க 813, கடிகாரத் துடிப்புக்கு 698, துணைக்கு 679, 707. லேசரின் அதிர்வெண் தானாகவே நகர்ந்துகொண்டிருக்கும்; அதை நகராத ஒன்றோடு பிணைத்து நிறுத்துவதுதான் லாக் செய்வது. அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழியில் முக்கியமான லேசர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கேவிட்டி. வெப்பத்தில் ஏறக்குறைய விரிவடையாத கண்ணாடித் துண்டின் இரு முனையிலும் ஆடி ஒட்டி, வெற்றிடத்தில் வைத்து, லேசரை அதன் நீளத்தோடு லாக் செய்வது. 10 சென்டிமீட்டர் கேவிட்டியில் 698 லேசர் 1 ஹெர்ட்ஸ் நகராமல் இருக்க, அந்த நீளம் ஒரு புரோட்டான் விட்டத்தில் ஏழில் ஒரு பங்குகூட மாறக் கூடாது. கொடைக்கானல் குளிர் இதற்குப் பாதி வரம், பாதி சாபம். இந்தக் கண்ணாடி மிகக் குறைவாக விரியும் வெப்பநிலை பல துண்டுகளில் அறை வெப்பத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ அமையும். மதுரையில் மெனக்கெட்டுக் குளிர்விக்க வேண்டியது இங்கே லேசாகச் சூடாக்கினாலே முடியலாம். ஆனால் மஞ்சு இறங்கும் நாளில் வெற்றிடத்துக்கு வெளியே உள்ள ஆடியிலும் லென்ஸிலும் ஈரம் படியும். ஐப்பசி மழையில் கரண்ட் போனால் வெப்பக் கட்டுப்பாடும் நிற்கும், கேவிட்டி பழைய நிலைக்கு வர நாள்கணக்காகும். ஒன்று இருந்தாலே தலைவலி, நான்கைந்து என்றால் யோசிக்கவே வேண்டாம்.

இரண்டாவது வழி, அதிர்வெண் சீப்பை (சீப்புப் பற்கள்போலச் சம இடைவெளியில் பல அதிர்வெண்களைத் தரும் லேசர்) ஜிபிஎஸ் வழித் திருத்தம் பெறும் குவார்ட்ஸ் அலையியற்றியோடு லாக் செய்து, எல்லா லேசரையும் சீப்பின் பற்களோடு பிடித்துவைப்பது. செலவு குறைவு, நெடுங்கால நம்பகமும் உண்டு. ஆனால் குவார்ட்ஸின் 10 மெகாஹெர்ட்ஸை 698 ஒளியின் அதிர்வெண்ணான 429 டெராஹெர்ட்ஸாக ஏற்றும்போது, அதன் கட்ட நடுக்கமும் (அலையின் தாளம் முன்பின் ஆடுவது) 4 கோடி மடங்குக்கு மேல் பெருகிவிடும். அணு ஏற்கும் அதிர்வெண் பட்டை, அதாவது அணுவின் கோடு, 32 மெகாஹெர்ட்ஸ் அகலமாக இருக்கும் 461-க்கு இது தாராளம். 7.5 கிலோஹெர்ட்ஸ் அகலமே உள்ள 689-க்கு இடிக்கும். 698-க்கு ஆகவே ஆகாது.

மூன்றாவது வழிதான் என் தேர்வு: ஒரே ஒரு கேவிட்டி, அதுவும் 698-க்கு. சீப்பை அந்த 698 லேசரோடு லாக் செய்துவிட்டால், அதன் நிலைத்தன்மை மற்ற பற்களுக்கும் பரவும். 689, 813, இரட்டித்தால் 461 தரும் 922 ஆகியவை அந்தந்தப் பல்லைப் பிடித்துக்கொள்ளும். 698 ஒளி சீப்பின் வழியாக வராமல் நேராகவே அணுக்களுக்குப் போவதால், சீப்பின் ஃபைபர் நடுக்கம் அதில் ஒட்டாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நொடிக்கு 429 லட்சம் கோடி அலைகளை எந்த மின்னணுக் கருவியாலும் நேரடியாக எண்ண முடியாது. எண்ணுவதற்கே சீப்பு வேண்டும். எப்படியும் வாங்கப்போகும் கருவி கையில் இருக்கும்போது கூடுதல் கேவிட்டிகள் எதற்கு? சீப்பு படுத்தால் எல்லாமே படுத்துவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அப்போது நேரத்தை எண்ணவே வழியில்லை. லேசர்கள் மட்டும் ஓடி என்ன பயன்?

காசு கொட்டிக் கிடக்கும் ஆய்வகங்கள் மைனஸ் 149 டிகிரியில் வைத்த சிலிக்கான் கேவிட்டிக்குப் போய்விட்டன. 2017-இல் 1,542 நானோமீட்டரில் அதன் லேசர் கோட்டின் அகலத்தை 10 மில்லிஹெர்ட்ஸுக்கும் கீழே கொண்டுவந்தார்கள். சிலிக்கானில் சிவப்பு ஒளி ஊடுருவாது என்பதால், அந்த நிலைத்தன்மையை 698-க்குக் கொண்டுவரவும் சீப்புதான் வேண்டும்.

எந்தச் சீப்பு? இயற்பியலாளர்கள் ஹால், ஹேன்ஷ் இருவருக்கும் 2005 நோபல் பரிசு வாங்கித் தந்த அலையில் முன்னால் நின்றது டைட்டானியம்-சஃபையர் படிக லேசர் சீப்பு. பற்கள் பளிச்சென்று இருக்கும், ஆனால் திறந்தவெளி ஆடிகளை அடிக்கடி திருகிச் சரிசெய்யும் ஆள் பக்கத்திலேயே வேண்டும். சிப்பில் அடங்கும் நுண்சீப்பு அழகுதான், பற்கள் வெகுதூரம் தள்ளித்தள்ளி நிற்பதால் நம் லேசர்களுக்குப் பக்கத்தில் ஒரு பல் அமைவது கடினம். மலைக்கு எர்பியம் ஃபைபர் சீப்பே சரி. ஒளி கண்ணாடி இழைக்குள்ளேயே ஓடுவதால் ஈரம் நுழைய இடம் குறைவு, வாரக்கணக்கில் தொடாமல் ஓடும்.

யுபிஎஸ் வாங்கும்போது முதல் இணைப்பு கேவிட்டியின் வெப்பக் கட்டுப்பாட்டுக்கு, அடுத்தது அதன் வெற்றிடப் பம்புக்கு, மிச்சம் இருந்தால்தான் சீப்புக்கு. அணைந்த சீப்பை கரண்ட் வந்ததும் மறுபடி லாக் செய்துகொள்ளலாம்.