இறுக்கிப் பிடிப்பதா, ஒதுக்கிவைத்துச் செலவழிப்பதா?

சேமிக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் கைவைப்பது பொழுதுபோக்கில்தான். சினிமா வேண்டாம், வெளிச்சாப்பாடு வேண்டாம், நண்பர்களோடு ஊர் சுற்றுவது வேண்டவே வேண்டாம். முதல் மாதம் கையில் பணம் நிற்கும். அடுத்த மாதம் எரிச்சல் வரும். அதற்கடுத்த மாதம், 'இவ்வளவு நாள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்தோமே' என்ற நியாயத்தோடு, சேர்த்ததில் பாதி ஒரே வாரக்கடைசியில் கரைந்துவிடும். இப்படிக் கரைத்தவர்களுக்கு மன உறுதி போதாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் பிடித்த வழி அப்படிப்பட்டது.

எதிர்ப்பக்கத்தில் இருப்பது ஒதுக்கீட்டு முறை. சம்பளம் வந்த அன்றே சேமிப்புக்கான தொகை ஒரு கணக்குக்குப் போய்விடும்; மகிழ்ச்சிக்கான தொகை வேறொரு கணக்குக்கோ ஓர் உறைக்கோ போய்விடும். மிச்சத்தில் குடும்பம் நடக்கும். 2017-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த விஷயத்தை இது நமக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. எல்லாப் பணமும் பணம்தான் என்றாலும், மனிதர்கள் மனதுக்குள் அதைத் தனித்தனிக் கணக்குகளாகப் பிரித்து, ஒன்றைத் தொட்டு இன்னொன்றுக்குச் செலவழிக்கத் தயங்குகிறார்கள். ஜப்பானில் 1904-இல் ஹனி மோட்டோகோ அறிமுகப்படுத்திய 'ககேய்போ' என்ற வீட்டுக் கணக்கு நோட்டு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இப்போது அதைக் கடைப்பிடிப்பவர்கள் அத்தியாவசியம், விருப்பம், எதிர்பாராத செலவு ஆகியவற்றோடு கலை, வாசிப்பு போன்றவற்றுக்கும் தனித் தலைப்புப் போடுகிறார்கள். எனக்கு அதில் பிடித்ததே அந்தத் தலைப்புதான். மகிழ்ச்சிக்கும் கணக்கில் ஓர் இடம் இருந்தால் அதை ஒளித்துச் செய்ய வேண்டியதில்லை, செய்தபின் குற்ற உணர்வும் இல்லை.

எவ்வளவு ஒதுக்குவது? கைக்கு வரும் வருமானத்தில் 50 சதவீதம் தேவைகளுக்கு, 30 சதவீதம் விருப்பங்களுக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கு என்ற விகிதம் உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. வாடகையே பாதியை விழுங்குகிறவருக்கு அந்த 30 எட்டாக்கனி. கடன் இருப்பவருக்கு அது ஆபத்தும்கூட. விரலுக்குத் தகுந்த வீக்கமாக 5 சதவீதத்தில் தொடங்கினாலும் போதும், ஆனால் பூஜ்யத்தில் தொடங்கக் கூடாது. மாதத் தொகையை நான்காகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பங்காக எடுப்பது இன்னும் நல்லது. மொத்தமாக வைத்தால் முதல் வாரத்திலேயே உறை மெலிந்து, கடைசிப் பத்து நாள் பழையபடி பட்டினி மனநிலைக்கு வந்துவிடுவோம்.

உறையில் இருப்பது ரொக்கமா, அட்டையா என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். அப்படியில்லை. ட்ராஜன் ப்ரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுகளுக்கான ஏலத்தில் கடன் அட்டையில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம் தர வேண்டியவர்கள் சொன்ன தொகையைப் போல இருமடங்கு வரை தரத் தயாராக இருந்தார்கள். ஒரே டிக்கெட், ஒரே ஆட்டம். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது உறுத்துகிற கை, அட்டையைத் தேய்க்கும்போது உறுத்துவதில்லை. வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் அட்டையோ செயலியோ இருக்கட்டும். மகிழ்ச்சிச் செலவுக்கு ரொக்கமே என் தேர்வு. ரொக்கம் புழங்காத இடத்தில் இருப்பவர்கள், ஒதுக்கிய தொகை மட்டும் ஏற்றப்பட்ட தனி அட்டையை வைத்துக்கொள்ளலாம்.

இனி உண்மையில் பணம் ஒழுகும் இடத்துக்கு வருகிறேன்: மாதச் சந்தாவா, போகும்போது கட்டணமா? சந்தாவின் வாதம் கேட்க இனிமையாக இருக்கும்: 'எத்தனை தடவை வேண்டுமானாலும்.' ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் உல்ரிகே மால்மெண்டியரும் 2006-இல் அமெரிக்க உடற்பயிற்சிக் கூட உறுப்பினர்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாதக் கட்டணம் செலுத்தியவர்கள் சராசரியாக மாதம் 4.3 தடவைதான் போயிருந்தார்கள். பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு வருகைக்கும் அவர்கள் கொடுத்தது 70 சதவீதத்துக்கும் மேல் கூடுதல். நாளை முதல் தினமும் போவோம் என்ற நம்பிக்கைக்கு அவர்கள் கொடுத்த விலை அது. படம் பார்க்கும் செயலிகளும் பாட்டுக்கான சந்தாக்களும் இதே நம்பிக்கையை வைத்துத்தான் பிழைக்கின்றன.

கடந்த மூன்று மாத வங்கிப் பட்டியலை எடுத்து வையுங்கள். தானாகப் பிடிக்கப்படும் ஒவ்வொரு சந்தாவையும் பென்சிலால் வட்டமிடுங்கள். பக்கத்தில், அந்த மூன்று மாதத்தில் எத்தனை தடவை பயன்படுத்தினீர்கள் என்று எழுதி, கட்டிய மொத்தத்தை அந்த எண்ணால் வகுங்கள். வருகிற விடைதான் நீங்கள் உண்மையில் கொடுக்கும் விலை. எழுதுவதற்கு எண்ணே இல்லாத வட்டம் ஒன்றாவது இருந்தால், யோசிக்காமல் அன்றே நிறுத்திவிடுங்கள். வாரத்துக்கு நான்கு நாள் பயன்படுத்துகிறவருக்குச் சந்தாதான் லாபம், அதில் சந்தேகமில்லை. மற்றவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு சந்தா போதும். இந்த மாதம் இது, அடுத்த மாதம் வேறு. காத்திருந்து பார்ப்பதில் சுவை கூடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடியா, இலவசமா என்பதில் நீண்ட வழக்குத் தேவையில்லை. பாதி விலைக்கு வாங்கினாலும் பாதி விலை செலவாகிறது. நூலகம், பூங்கா, கடற்கரை, நண்பர் வீட்டு மொட்டைமாடி ஆகியவற்றுக்கு அந்தப் பாதியும் வேண்டாம்.

ஆண்டுக்கு ஒரு பெரிய பயணமா, சின்னச் சின்னதாக நாலைந்தா என்ற கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. நெதர்லாந்தில் யெருன் நவெய்னும் சக ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பயணம் போகிறவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பது கிளம்புவதற்கு முன்புதான். திரும்பி வந்தபின், மிக நிம்மதியான விடுமுறை வாய்த்தவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எதிர்பார்ப்பே பாதி இன்பம் என்றால், அந்த இன்பத்தை வருடத்துக்கு நாலைந்து தடவை பெறுவதுதானே புத்திசாலித்தனம்? பக்கத்து ஊருக்கு ஒரு பகல் பயணம் என்றாலும் தேதியைக் குறித்து, டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். தூரத்தில் இருக்கும் உறவினரையோ, வாழ்நாள் ஆசையான ஓர் இடத்தையோ பார்க்கப் பெரிய பயணம்தான் வேண்டும் என்றால், அதற்கென்று இன்னோர் உறை போடுங்கள். வாராந்திர உறையில் கைவைக்காதீர்கள்.

மாதக் கடைசியில் மகிழ்ச்சி உறையில் ஏதாவது மிஞ்சினால் அதைச் சேமிப்பில் போடுவதா, அங்கேயே விடுவதா? சேமிப்பில் போடச் சொல்கிறவர்களே அதிகம். நான் அங்கேயே விடச் சொல்வேன். மிச்சம் பிடித்தால் பறிபோகும் என்று தெரிந்தால் யாரும் மிச்சம் பிடிக்க மாட்டார்கள். கடைசி வாரத்தில் தேவையில்லாத ஒன்றை வாங்கித் தீர்ப்பார்கள். விட்டுவைத்தால், நான்கைந்து மாத மிச்சம் சேர்ந்து, கையைக் கடிக்காமல் ஒரு நல்ல கச்சேரிக்கோ இரண்டு நாள் பயணத்துக்கோ ஆகும்.