மூளை ரத்தக்கசிவுக்குப் பின் ‘ரத்தக்கட்டியைக் கரைத்துத் தருகிறோம்’ என்பவர்களை நம்பாதீர்கள்

என் தந்தைக்கு மூளையின் ஆழத்தில் ஏற்பட்ட கசிவு அளவில் சிறியதாக இருந்ததால், அறுவை சிகிச்சை தேவையில்லை என முடிவு செய்த மருத்துவர்கள், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சிடி ஸ்கேனை மீண்டும் எடுத்துப் பார்த்து, அவரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். அவர்கள் மீது எனக்குக் குறையேதும் இல்லை. நாங்கள் ஏமாற்றப்பட்டது, வலது கையும் காலும் செயலிழந்த நிலையில் அவரைச் சேர்த்த மறுவாழ்வு மையத்தில்.

“ஆபரேஷன் செய்யவில்லை என்றால் ரத்தக்கட்டி உள்ளேயே தங்கிவிடும்” என்று பயமுறுத்தி, அதைக் கரைக்கும் தனி மருந்துக்கென முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். சில வாரங்களுக்குப் பின் எடுத்த ஸ்கேனைப் பழைய ஸ்கேனுக்கு அருகில் வைத்து, வெள்ளையாகத் தெரிந்த பகுதி மறைந்ததைத் தங்கள் மருந்தின் வெற்றியாகக் காட்டினார்கள். மூளைக்குள் கசிந்த ரத்தத்தை உடலே வாரக்கணக்கில் உறிஞ்சிக்கொள்ளும் என்பதும், புதிதாகக் கசிந்தபோது ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும் இடம் நாளடைவில் மங்கிக் கருமையாகிவிடும் என்பதும், பிறகு ஒரு நரம்பியல் மருத்துவர் விளக்கித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அந்த மருந்தே கொடுக்காமல் இருந்திருந்தாலும் படம் அப்படித்தான் மாறியிருக்கும்.

கட்டி மறைவது வேறு, கை கால் மீள்வது வேறு. சேதமடைந்த பகுதி செய்துவந்த வேலையை மூளையின் மற்ற பகுதிகள் ஏற்றுக்கொள்வதற்கு, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் முறையான பயிற்சி வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு முன்னேற்றம் வேகமாக இருப்பது முதல் 3 மாதங்களில்தான். அந்த அருமையான காலத்தில், தகுதி பெற்ற பிசியோதெரபிஸ்ட் வருவார் என்று சொல்லிவிட்டு, பயிற்சியே இல்லாத உதவியாளரை அனுப்பினார்கள். தளர்ந்து கிடந்த கையைப் பிடித்து இழுத்து அவர் தூக்கி உட்கார வைத்ததில், தந்தையின் தோள் மூட்டு இறங்கிவிட்டது. இன்றும் அந்த வலிதான் அவருடைய பயிற்சிக்குப் பெரிய தடையாக இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரமூட்டுவது, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தச் சொன்னதுதான். இத்தகைய கசிவுக்கு மிகப் பொதுவான காரணமே உயர் ரத்த அழுத்தம். மறுபடியும் கசியாமல் இருக்க அதை நீண்டகாலம் 130/80 அளவில் வைத்திருப்பது நல்லது என்று அமெரிக்க இதய சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. மாத்திரையை நிறுத்தச் சொன்ன அதே இடத்தில், உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத பொடியை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் எதுவும் அதில் கலந்திருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலேயே, ரத்தம் கசிந்த ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பித் தரவில்லை. மருந்தின் விவரத்தை எழுத்தில் கேட்டும் தரவில்லை. உங்கள் வீட்டில் இந்த நிலையில் யாராவது இருந்தால், பணம் கட்டும் முன்பே பயிற்சி கொடுப்பவரின் தகுதிச் சான்றையும், தினமும் எவ்வளவு நேரம் பயிற்சி என்பதையும், கொடுக்கும் மருந்துகளின் பெயரையும் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை, முதலில் சிகிச்சை செய்த மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சேருங்கள்.