செத்தால் எங்கே எழும்புவது: செலெஸ்டும் ஹொலோ நைட்டும்

ஹொலோ நைட் என்ற வீடியோ கேமில் சோல் மாஸ்டர் என்ற பொஸ்ஸிடம், அதாவது ஒரு பெரிய எதிரியிடம், செத்தால், மறுபடி அவன் முன்னால் போய் நிற்பதற்குள் பக்கத்தில் வைத்த பிளேன்டீ ஆறிவிடும். செலெஸ்ட் என்ற இன்னொரு கேமில் செத்தால், கண்ணை மூடித் திறப்பதற்குள் அதே அறையின் தொடக்கத்தில் நிற்கிறோம். இரண்டையும் கஷ்டமான பிளாட்ஃபோம் கேம், அதாவது தட்டுக்குத் தட்டு பாய்ந்து கடக்கும் கேம், என்று ஒரே கூடையில் போட்டுத்தான் பேசுகிறார்கள். இரண்டையும் முடித்தவன் நான். செத்த பிறகு எங்கே எழும்புகிறோம் என்பதில்தான் இவை பிரிகின்றன என்று எனக்குப் படுகிறது.

களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் மச்சான் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். லீவுக்குக் கல்லடிக்கு வந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்குள் இந்தச் சண்டைதான். அவன் ஹொலோ நைட் பக்கம், நான் செலெஸ்ட் பக்கம்.

செலெஸ்ட் 2018 ஜனவரியில் வந்தது. மேடி தோர்சனும் நோயல் பெரியும் பிக்கோ-8 என்ற சின்ன கேம் செய்யும் மென்பொருளில் நான்கே நாளில் செய்த சின்ன கேம் ஒன்றிலிருந்து வளர்ந்தது. மெடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள். பாய்வது, காற்றில் ஒரு டாஷ் (திடீர்ப் பாய்ச்சல்) அடிப்பது, சுவரைப் பிடித்து ஏறுவது ஆகிய மூன்றையும் வைத்துத்தான் ஏறக்குறைய முழு மலையையும் கடக்க வேண்டும். அவள் பெரிதாக மாறுவதில்லை, மலைதான் அத்தியாயத்துக்கு அத்தியாயம் புதுக் கோலம் போடுகிறது.

ஆனால் அதன் அருமை விரலுக்குக் கீழே இருக்கிறது. விளிம்பை விட்டுக் கால் விலகிய பிறகும் சில பிரேம்களுக்குள் பட்டனை அழுத்தினால் பாய்ச்சல் கிடைக்கும். மேலே இருக்கும் கட்டையின் மூலையில் தலை இடிபட்டால், கேமே அவளைக் கொஞ்சம் ஒதுக்கி மேலே விடும். சுவரைத் தொடாமல் ஓரிரு பிக்சல் தள்ளி இருந்தாலும் சுவரில் உதைத்துப் பாயலாம். இதெல்லாம் நடப்பது நமக்குத் தெரியவே தெரியாது. தெரிவது ஒன்றுதான்: ‘என் விரல் பிந்திவிட்டது, இன்னொரு தரம் பார்ப்போம்.’ முதல் தரம் நான் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாவுக் கணக்கு இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஒரு சாவுக்குக்கூட கேமைத் திட்டியதாக ஞாபகம் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. மூன்றாம் அத்தியாயத்து ஹோட்டல் இழுக்கிறது. நான்காவதில் வரும் காற்று சில அறைகளில் அலுப்புத் தட்ட வைக்கிறது. சுவரில் தொங்கும்போது எவ்வளவு பலம் மிச்சம் என்று காட்ட ஒரு கோடு கிடையாது, அவள் சிவப்பாக மின்னத் தொடங்கினால்தான் விளங்கும். பி-சைட், சி-சைட் என்ற இன்னும் கஷ்டமான அத்தியாயங்களைத் தாண்டி, 2019 இல் இலவசமாக வந்த ஃபேர்வெல் அத்தியாயத்துக்குப் போனால், கதையை விரும்பி வந்தவர்கள் பாதி வழியிலேயே இறங்கிவிடுவார்கள்.

ஹொலோ நைட் 2017 பெப்ரவரியில் வந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செரி என்ற சின்னக் குழு, பொதுமக்களிடம் காசு திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் சுமார் 57,000 ஆஸ்திரேலிய டொலர் திரட்டிச் செய்தது. அந்தக் காசுக்கு இவ்வளவு பெரிய உலகமா என்று இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான். பூமிக்கடியில் பாழடைந்து கிடக்கும் பூச்சிகளின் ராஜ்ஜியம் அது. புது இடத்துக்குள் போனால் மேப் கிடையாது. கோர்னிஃபர் என்பவர் எங்கோ உட்கார்ந்து மேப் வரைந்துகொண்டு ஒரு ராகத்தை முனகுவார். அந்த முனகலைப் பிடித்துக்கொண்டு போய் அவரிடம் மேப்பை வாங்க வேண்டும். நிலாக் காலத்தில் மட்டக்களப்பு வாவிக்குள் தோணியில் இருந்து பாடும் மீனுக்குக் காது கொடுத்த ஊர்க்காரருக்கு இதன் சுகத்தை நான் விளக்கத் தேவையில்லை.

பள்ளிக்கூட வாங்கு போல ஒரு வாங்கு அங்கங்கே இருக்கும். அதில் உட்கார்ந்தால் உயிர் முழுதாக நிரம்பும், அப்போதுதான் மேப்பில் புது இடம் ஏறும். செத்தால் கடைசியாக உட்கார்ந்த வாங்கில்தான் எழும்புவோம். கையிலிருந்த காசு முழுவதும் செத்த இடத்தில் நம் நிழலிடம் தங்கிவிடும். அதை மீட்கப் போகும் வழியில் இன்னொரு தரம் செத்தால் அத்தனையும் போச்சு. மச்சான் சொல்வது இதுதான்: “அந்த நடையில வாற பயம்தான்டா கேமே. பயம் இல்லாட்டி வாங்கைக் கண்டா எப்பிடிச் சந்தோசம் வரும்?”

அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. மண்டிஸ் லோர்ட்ஸ் என்ற கும்பிடுபூச்சித் தலைவர்களோடு வரும் சண்டையை நினைத்துப் பாருங்கள். முதலில் ஒருவர், பிறகு இருவர் சேர்ந்து. ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் ஒரு அசைவு, அதைப் படித்தால் தப்பலாம். எதிரியை அடித்துச் சேர்த்த சோல் என்ற சக்தியைக் கொண்டு உயிரேற்ற வேண்டுமென்றால் ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும், அந்தக் கணத்தைத் தேடுவதுதான் முழுச் சண்டையும். வென்றால் அவர்கள் தலை வணங்குகிறார்கள். திரும்பி ஊருக்குள் நடந்தால், வரும்போது வெட்ட வந்த மண்டிஸ்கள் எல்லாம் வழிவிட்டு நிற்கின்றன. செலெஸ்டில் இப்படி ஒரு மரியாதை எங்கும் கிடைக்கவில்லை.

ஆனாலும் சோல் மாஸ்டரிடம் பத்தாவது தரம் நடக்கும்போது அந்த நடையில் பயம் இல்லை, நேரம்தான் போகிறது. அதோடு தொடக்கம் மிகவும் மெதுவு. டாஷும் சுவர் ஏறுதலும் கைக்கு வர மணிக்கணக்காகும், அதற்குள் கைவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். 2025 செப்டெம்பரில் வந்த இதன் அடுத்த கேமான சில்க்சொங் இதை இன்னும் இறுக்கிவிட்டது. பல எதிரிகளின் அடி இரண்டு உயிராகக் கழிகிறது, சில வாங்கில் உட்காரவும் காசு கேட்கிறது. ஹொலோ நைட்டை முடிக்காதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இருவர் சேர்ந்து விளையாட என்றால் கப்ஹெட் என்ற கேம் இருக்கிறது. 1930களின் கார்ட்டூன் போலக் கையால் வரைந்த அழகு, முக்கால்வாசியும் பொஸ் சண்டை. ஆனால் லேசான மட்டத்தில் ஜெயித்தால் ஒப்பந்தப் பத்திரம் கிடைக்காது, அது இல்லாமல் கடைசிச் சண்டைக்குப் போகவும் முடியாது. தம்பிமாருக்கு இது பெரிய ஏமாற்றம்.

செலெஸ்டில் அசிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. வேகத்தைக் குறைக்கலாம், டாஷைக் கூட்டலாம், சாகாமலும் ஆடலாம், அதற்காக கேம் யாரையும் தாழ்த்துவதில்லை. ஹொலோ நைட்டில் லேசான மட்டமே கிடையாது. தங்கச்சி உயர்தரப் பரீட்சைக்குப் படித்த நாட்களில் ரியூசனுக்கு முன் அரை மணித்தியாலம் செலெஸ்ட் விளையாடுவாள். தொங்கும் கூண்டு நடுவழியில் நின்று மெடலினுக்கு மூச்சு முட்டும் இடத்தில், ஒரு இறகை மேலும் கீழும் மிதக்க விட்டு அவள் மூச்சைச் சீராக்க வேண்டும். அந்த இடத்தில் இவளும் இறகோடு சேர்ந்து மூச்சு விட்டதை நான் கதவடியில் நின்று பார்த்தேன். கேமில் தமிழ் இல்லை, ஆங்கிலம் வாசிக்க வேண்டும். அந்தக் கட்டத்துக்கு அகராதி தேவைப்படவில்லை.

லெப்டொப் பழையது என்றாலும் இரண்டும் ஓடும். செலெஸ்ட் ஒரு ஜிபியைச் சற்றுத் தாண்டும், ஹொலோ நைட் அதன் பல மடங்கு. டேட்டா பார்த்துச் செலவழிப்பவர்கள் யோசிக்க வேண்டும். மலிவான கீபோர்டில் மூன்று நான்கு கீயை ஒன்றாக அழுத்தினால் ஒன்று விழாமல் போகும், சாய்வாக டாஷ் அடிக்கும் செலெஸ்டில் அது உயிரையே எடுக்கும். கொன்ட்ரோலர் இருந்தால் நல்லது. நேரம் அரை அரை மணியாகக் கிடைப்பவர்களுக்கு என் வாக்கு செலெஸ்டுக்குத்தான், நிறுத்திவிட்டுப் போனால் அதே அறையில் மறுபடி தொடங்கலாம். நீண்ட லீவு கிடைத்தால் ஹொலோ நைட்.

மச்சானிடம் போன தரம் ஒன்று கேட்டேன். ஹொலோ நைட்டின் வெள்ளை மாளிகை முழுக்கச் சுழலும் வாளும் முள்ளும்தான், சண்டை மிகக் குறைவு. அங்கே முள்ளில் பட்டால் ஒரு உயிர்தான் குறையும், கடைசியாக நின்ற தட்டில் உடனே விடுவார்கள். அது கனவு என்பதால் செத்தாலும் காசு போகாது. பாய்ச்சல்தான் முக்கியம் என்று வந்த இடத்தில் டீம் செரியே நடையைக் குறைத்துவிட்டதே, ஏன்? அவன் கொஞ்ச நேரம் வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “பெயின் வழியை முடிச்சிட்டு வா, அப்புறம் கதைப்பம்” என்றான். அந்த மாளிகைக்குள் ஒளிந்திருக்கும், அதைவிடக் கஷ்டமான பகுதி அது. நான் அதில் இரண்டாவது அறையில் இருக்கிறேன்.